சுத்து ரேடியோவுக்குள் ஒரு பெயர்

எனக்கு இருபத்தொன்பது வயது. ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிக்காதீர்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஒவ்வொன்றாகக் கரண்ட் வந்தது, எங்கள் வேலை குறைந்தது, ஹட்டன் ஆபீசை மூடினார்கள். ஒரு நன்றிக் கடிதம், ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு கைகுலுக்கல். இதற்குப் பெயர் ஓய்வு இல்லையென்றால் வேறென்ன?

இதை எழுதச் சொன்னவர்கள் நுவரெலியாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் இரண்டு பேர். அவர்கள் ஆபீசில் சூரிய விளக்குகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருக்கின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை: நேர்மையாகச் செய்தது, யாரையும் வதைக்காமல் செய்தது, பழுதானால் திருத்தலாம், தேய்ந்துபோனால் திருப்பி எடுப்போம். "அண்ணே, இதெல்லாம் நெசமா, இல்ல அட்டைக்கு மட்டுந்தானா?" என்று போனில் கேட்டார்கள். ஒரு வரியில் பதில் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து தட்டுகிறேன். வேகமாகத் தட்டுகிற ஆள் நான். பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசியுங்கள்.

நானும் லயத்துப் பிள்ளைதான். கம்பஸுக்குப் போய்ப் பௌதிகம் படித்தேன். திரும்பி வரும்போது எங்கள் தோட்டத்துக்கே மூளை என்னிடம்தான் இருக்கிறது என்கிற நினைப்பு. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் அந்த ஹட்டன் ஆபீசில் வேலை கிடைத்தது. பயிற்சி பத்து நாள். ஒன்பது நாள் திருகாணி கழற்றினேன், பத்தாம் நாள் பூட்டினேன். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

வேலை என்னவென்றால், வெளிநாட்டில் ஒரு சின்னக் கம்பெனி கையால் சுற்றும் ரேடியோ செய்தது. பக்கத்திலுள்ள பிடியை ஒரு நிமிஷம் சுற்றினால் அரை மணி நேரம் பாடும். ஓரத்தில் குட்டி விளக்கும் உண்டு. கரண்ட் இல்லாத லயங்களுக்கு அதைக் கொடுத்தார்கள். லயத்து ஜனங்கள் வைத்த பெயர் 'சுத்து ரேடியோ'. அதன் அட்டையில் நான்கு வாக்குறுதிகள். இதைச் செய்தவர்களுக்கு வாழப் போதுமான சம்பளம். சின்னப் பிள்ளைகள் யாரும் இதைத் தொடவில்லை. எந்தப் பாகத்தையும் ஒரே ஒரு திருகாணிச்சாவியால் திறந்து திருத்தலாம். செத்த பேட்டரியை நாங்களே திருப்பி எடுப்போம். இந்த வாக்குறுதிகள் எங்கள் மலையில் நிற்கின்றனவா என்று பார்த்து அறிக்கை எழுதுவதுதான் எங்கள் ஆபீசின் பிழைப்பு.

ஆபீஸ் என்றால் நானும் என் மேலதிகாரி குகன் சேரும். சேர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர், என்னைவிட எட்டு வயது கூட. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ரேடியோவைத் திறக்கும் முன் கை கழுவுவார். மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, ரேடியோவை அதன்மேல் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போடுவார். எந்த மூலைத் திருகாணி வெளியே வருகிறதோ, தாளில் அதே மூலையில் அதை வைப்பார். பிறகு காதோடு வைத்து மெதுவாகச் சுற்றிக் கேட்பார், டொக்டர் நெஞ்சைக் கேட்கிற மாதிரி. அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பார். எல்லாம் பென்சிலில்தான் இருக்க வேண்டும். அவர் கேள்வி கேட்டு முடித்த பிறகுதான் மை.

முதன்முதலாக அவர் ஒரு ரேடியோவைத் திறந்து காட்டிய நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மூடியின் உள்பக்கம் ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் கையெழுத்தில் ஒரு பெயர்.

"யார் சேர் இது?"

"இதப் பூட்டின ஆள்."

எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி, யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும், உள்ளே தன் பெயரை எழுதி மூடியிருக்கிறாள். எங்கள் அம்மா பறித்த தேயிலைக் கொழுந்து எத்தனை நாட்டுக்குப் போயிருக்கும். எந்தப் பெட்டிக்குள்ளே அம்மாவின் பெயர் இருந்தது?

அன்றிலிருந்து நான் அந்தக் கம்பெனிக்கு பக்தன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறிப் போகிற ஒரு தோட்டத்தில், மேல் டிவிசனில் ஒரே வரிசையாக இருபத்து நான்கு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. காம்பராவுக்கு ஒரு ரேடியோ. கொடுத்து ஒரு வருஷம் கழித்துச் சோதனை. முறைப்படி ஒரு வாரம் முன்னதாகத் தோட்டத்துக்குக் கடிதம் போட்டேன். போன அன்று லயம் முழுக்கப் புதுச் சுண்ணாம்பு. வாசல் சாக்கடைக் கான் எல்லாம் கழுவித் துடைத்த மாதிரி. வாசலில் பெண்கள் நல்ல சேலையில். அடடா, என்ன ஒழுங்கு என்று நினைத்தேன். லயத்தில் பிறந்த நான் அப்படி நினைத்தேன்!

ஒவ்வொரு காம்பராவிலும் பாலில்லாத சாயத்தண்ணி குடித்தேன், ரேடியோவைச் சுற்றினேன். பாடியது. கழற்றினேன், உள்ளே இருந்த பெயரைக் குறித்தேன், பூட்டினேன். முதல் காம்பரா ரேடியோவில் 'லீனா' என்று இருந்தது, பக்கத்தில் பென்சிலால் ஒரு பூ. ஐந்து இதழ், அதில் ஒன்று மட்டும் சின்னது. அதிசயப்பட்டு அதையும் அறிக்கையில் எழுதினேன். அடியில் இருக்கும் இலக்கத்தை மட்டும் பார்க்கவில்லை. அதை விநியோகப் பட்டியலிலிருந்து முதல்நாளே எழுதி வைத்துவிட்டேன். நேரம் மிச்சமாம். கெட்டிக்காரனாம்.

இருபத்து நான்குக்கு இருபத்து நான்கும் பாடுகிறது என்று அறிக்கையைக் கொண்டுபோய் சேரின் மேசையில் வைத்தேன்.

"இரும்" என்றார். கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தார். "வடிவா எழுதியிருக்கிறீர்."

எனக்கு நெஞ்சு விரிந்தது.

"இந்தப் பூ, தம்பி. முதலாம் காம்பராவில லீனாவின்ர பேருக்குப் பக்கத்தில. அஞ்சு இதழ், ஒண்டு சின்னன்."

"ஆமா சேர். நல்ல ரசனை உள்ள பொண்ணு போல."

"ஒன்பதாம் காம்பராவிலயும் லீனா. அஞ்சு இதழ், ஒண்டு சின்னன். பதினேழிலயும் அப்பிடித்தான் எழுதியிருக்கிறீர்."

"அவ எல்லாத்துலயும் அதே மாதிரி வரைவாளா இருக்கும், சேர்."

"மூண்டு தரமும் ஒரு இதழ் சின்னனாவே வருமோ?"

நான் தாளை எட்டிப் பார்த்தேன்.

"அடியில இருக்கிற இலக்கத்தப் பாத்தனீரோ?"

"லிஸ்டப் பாத்து எழுதிட்டேன், சேர்."

திட்டுவார் என்று பார்த்தேன். அழிறப்பரை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "நல்ல காலம், பென்சில். நாளைக்கு ஒருக்காப் போம். கடிதம் ஒண்டும் போட வேண்டாம்."

பஸ்ஸில் போகும்போதுதான் எனக்கு எல்லாம் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் தோட்டம் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் லயத்துக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். முதல்நாள் கையுறை கொடுப்பார்கள், அவர்கள் கார் வளைவு திரும்பியதும் வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டு வரிசையில் நிற்போம். யாரும் எங்களை மிரட்டினதாகக்கூட ஞாபகம் இல்லை. ஆள் வந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று காட்ட வேண்டும், அது எங்களுக்குக் கை வந்த பழக்கம். அந்த வரிசையில் நின்ற பயல் நான். பேன்ட் போட்டுக்கொண்டு மறுபக்கம் போய் நின்றதும் கண் தெரியாமல் போய்விட்டது.

இந்த முறை போனபோது சுண்ணாம்பு ஏற்கெனவே ஈரத்தில் உரிய ஆரம்பித்திருந்தது. பிள்ளைக்காம்பரா, அதாவது கொழுந்துக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம், அதன் வாசலில் புஷ்பம் அக்கா உட்கார்ந்திருந்தார். வயது நாற்பது இருக்கும். மலைச்சரிவில் வழுக்கி விழுந்து முழங்கால் போனவர். இனி மலை ஏறி கொழுந்தெடுக்க முடியாது. அதனால் பிள்ளைக்காம்பராவில் தற்காலிகமாகக் கூட்டிப் பெருக்கும் வேலை. அந்த வேலையும் மாதக் கடைசியோடு முடிகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அக்காவின் முன்னால் சாக்கு விரித்திருந்தது. சாக்கு நிறைய சுத்து ரேடியோவின் எலும்பும் குடலும்.

"அட, ரேடியோ தம்பி! லெட்டர் ஒண்ணும் வரலையே?"

"லெட்டர் போடாமத்தான்கா வந்தேன்."

"அப்ப இன்னிக்குத்தான் நெசமா வந்திருக்கீங்க."

அந்த அடி எங்கே பட்டது என்று சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்தேன்.

"எத்தனைக்கா பாடுது?"

"பதினொண்ணு. நீங்க முன்வாசல் வழியா வந்தீங்க, ரேடியோ பின்வாசல் வழியா வந்துச்சு." சிரித்துச் சிரித்து அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர். "அந்தப் பூப் போட்ட ரேடியோவ மூணு வாட்டி கழட்டுனீங்க தம்பி. மூணு வாட்டியும் 'அற்புதம்'னீங்க. நான் முந்தானைய வாயில அடைச்சிக்கிட்டு நின்னேன்."

"ஏன்கா இப்படிச் செஞ்சீங்க?"

"ஓடலேன்னா எடுத்துக்கிட்டுப் போயிருவீங்கல்ல?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரேடியோக்கள் பழுதாகின்றன, ஆனால் அங்கேயே திருத்த முடிகிறது என்று அறிக்கை சொன்னால், கம்பெனி உதிரிப் பாகம் அனுப்பும். அந்த டிவிசனிலேயே ஒருவரைத் திருத்துகிற வேலைக்கு வைக்கும், மேசையோடும் சம்பளத்தோடும். முன்கூட்டியே சொன்னால் ஆட்கள் வேண்டுமென்றே உடைப்பார்கள் என்று அதைச் சொல்லக்கூடாதென்பது விதி. எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று என் அறிக்கை போயிருந்தால், பாகமும் வராது, மேசையும் வராது. பதினொன்றும் ஒவ்வொன்றாகச் செத்திருக்கும். ஊருக்காக அந்த நாடகத்தை நடத்திய அக்கா, தன் வேலையைத் தானே பின்வாசல் வழியாக அனுப்பியிருக்கிறார்.

"அந்தப் பதினொண்ணு மட்டும் எப்படிக்கா பாடுது?"

அக்கா ஒரு ரேடியோவை எடுத்தார். திருகாணிகளைக் கழற்றி, ஒரு பாதி சலவைச் சவர்க்காரக் கட்டியில் வந்த ஒழுங்கிலேயே குத்தி வைத்தார். பேட்டரி முனையில் பிடித்திருந்த பச்சைக் களிம்பைத் தேசிக்காய்த் தோலால் தேய்த்தார். பிறகு பிடியோடு சேர்ந்திருந்த பல்சக்கரப் பெட்டியைக் காட்டினார். அதில் திருகாணியே இல்லை. சுற்றிவர ஒட்டியிருந்தது. கம்பெனி அட்டையில் 'எந்தப் பாகமும்' என்று போட்டிருக்கிறது, பெட்டியின் மேலேயே 'திறந்தால் உத்தரவாதம் இல்லை' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. பத்து நாள் பயிற்சியில் நான் அந்தப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுக்குள்ளதான் தம்பி நோவு. நம்ம ஆளுங்க கொழுந்து எடுக்கிற கையால சுத்துறாங்க. காலைல பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போக முந்தி பரபரன்னு சுத்துனா உள்ள பல்லு ஒடைஞ்சிருது."

தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியின் முனையை அடுப்பில் காட்டி, ஒட்டின கோட்டிலேயே ஓட்டினார். பெட்டி இரண்டாகப் பிரிந்தது. உள்ளே உடைந்த சக்கரம். பழைய கெசட் ரேடியோ ஒன்றிலிருந்து எடுத்த சக்கரத்தைப் பக்கத்தில் வைத்து, நகத்தால் பல் பல்லாக எண்ணினார். மாட்டினார். மெல்லிய கம்பியால் கட்டினார். சுற்றினார். சிங்களப் பாட்டு ஒன்று வந்தது, பின்னால் ஒரு குழந்தை எழுந்து அழுதது.

பௌதிகம் படித்த வாய் எனக்கு மூடவே இல்லை. நெம்பையும் பற்சக்கர விகிதத்தையும் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். அந்த அம்மா அதை நகத்தில் வைத்திருந்தார்.

நான் பேனாவை எடுத்ததும் அக்காவின் சிரிப்பு போய்விட்டது. "பெட்டிய வெட்டுனத எழுதாதீங்க தம்பி. தொறந்தா அவங்க பொறுப்பில்லன்னு ஸ்கூல் டீச்சர் வாசிச்சுச் சொன்னாங்க. என்னால எல்லார் ரேடியோவையும் புடுங்கிக்கிட்டாங்கன்னா நான் லயத்துல முகத்தக் காட்ட முடியாது."

எழுதினால் எல்லார் ரேடியோவும் போகலாம். எழுதாவிட்டால் திருத்த முடியும் என்பதற்கே சாட்சி இல்லை, அக்காவுக்கு மேசை இல்லை. நான் பேனாவை மூடிவிட்டேன். என் தலைக்கு மேற்பட்ட விஷயம். மறுநாள் குகன் சேரையே கூட்டிக்கொண்டு ஏறினேன்.

சேர் குழாயில் கை கழுவினார். தாளை விரித்தார். ரேடியோவைச் சுற்றிப் பென்சிலை ஓட்டினார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கோலம் எல்லாம் எதுக்கு சேர்?"

"திருகாணி மாறிப்போகாம இருக்கிறதுக்கு."

"காத்தடிச்சா?"

சேர் தாளைப் பார்த்தார், சவர்க்காரக் கட்டியைப் பார்த்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அந்தச் சவுக்காரத்தில கொஞ்சம் வெட்டித் தாங்கோ, அக்கா." ஆபீஸ் மூடும்வரை அந்த மனுஷன் சவர்க்காரத்தில்தான் திருகாணி குத்தினார்.

அக்கா ஒரு பெட்டியை வெட்டித் திறந்து காட்டினார். சேர் முழுக்கப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எந்தப் பாகத்தையும் திறக்கலாம் எண்டு அட்டையில எழுதினது அவை. திறக்கேலாத மாதிரி ஒட்டினதும் அவை. பிழை உங்கட கத்தியில இல்லை. நான் அப்பிடித்தான் எழுதுவன். ஆனா அவை என்ன சொல்லுவினம் எண்டு என்னால உறுதி தரேலாது. நீங்க வேண்டாமெண்டா எழுதமாட்டன்."

அக்கா கையிலிருந்த மூடியைத் திருப்பி உள்ளே இருந்த பெயரைப் பார்த்தார். அதே லீனாவின் பூ.

"சேர், ஒண்ணு கேக்கட்டா? இந்தப் புள்ள வேலை செய்யிற எடத்துக்கும் ஒங்கள மாதிரி ஆளு போய்ப் பாக்குமா? சம்பளம் சரியா, சின்னப் புள்ளைங்க இருக்காங்களான்னு?"

"போகினமாம்."

"லெட்டர் போட்டுட்டுப் போவாங்களா, போடாமப் போவாங்களா?"

எங்கள் ஆபீசில் எத்தனையோ புத்தகம் இருந்தது. நேர்மையான சாமானை எப்படி அளப்பது என்று தடித்தடியாக. எதிலும் இந்தக் கேள்வி இல்லை. தேயிலைப் பெட்டியில் 'நேர்மையான தோட்டம்' என்று முத்திரை குத்தப்படுவதற்காகச் சுண்ணாம்புச் சுவரின் முன்னால் நின்ற ஒருத்தியிடம்தான் இருந்தது.

சேர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, பின்பக்கம் அக்கேள்வியை அப்படியே எழுதிக்கொண்டார்.

"எழுதுங்க சேர்" என்றார் அக்கா. "கத்திய, சக்கரத்த, எல்லாத்தையும் எழுதுங்க. எம் பேரையும் போடுங்க. அந்தப் புள்ள போட்டிருக்கால்ல?"

அறிக்கை மையில் போனது. பதினொன்று, பதின்மூன்று, பின்வாசல், என் லிஸ்ட் வேலை, ஒன்றும் விடாமல். மாதக் கடைசியில் அக்காவின் கூட்டுகிற வேலை போனது. எனக்குத் தூக்கம் கெட்டது. அக்கா மட்டும் ரேடியோவைத் திருத்துவதை நிறுத்தவில்லை. நான்கு மாதம் கம்பெனியிடமிருந்து சத்தமே இல்லை.

பிறகு ஒரு கடிதம் வந்தது. சேர் அதையும் கடைசியிலிருந்துதான் வாசித்தார். கடைசிப் பத்தியில் அக்காவின் கேள்விக்குப் பதில்: தொழிற்சாலையைப் பார்க்கப் போகிறவர்கள் இதுவரை ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள், இந்தக் கேள்வியை யாரும் எங்களிடம் கேட்டதில்லை, எங்களிடம் நல்ல பதில் இல்லை. சேர் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு கம்பெனி இப்படி எழுதி நான் கண்டதில்லை, அதற்குப் பிறகும் காணவில்லை.

அதே கடிதத்தில் மேசைக்கும் சம்பளத்துக்கும் ஒப்புதல் இருந்தது. இரண்டு மாதத்தில் பாகங்களோடு புது ரேடியோக்களும் வந்தன. நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். லயத்துக்காரர்கள் பாதிப்பேர் பிள்ளைக்காம்பரா வாசலில் கூடிவிட்டார்கள். கடிதத்தை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"ஒத்துக்கிட்டாங்களா?" என்று இரண்டு தரம் கேட்டார். "அட."

தம்பி, தங்கச்சி, நீங்கள் கேட்டதற்கு என் கணக்கு இவ்வளவுதான். பேட்டரியைத் திருப்பி எடுப்போம் என்றார்கள். ஆபீஸ் மூடிய அன்றும் இரண்டு தகரம் நிறையச் செத்த பேட்டரி எங்கள் களஞ்சியத்தில் இருந்தது. சம்பளமும் சின்னப் பிள்ளைகளும் பற்றி எனக்கு இன்றுவரை தெரியாது. லீனா யாரென்றும் தெரியாது. திறந்து திருத்தலாம் என்ற மூன்றாவது வாக்குறுதியை மட்டும் என் கண்ணால் பார்த்தேன். அதையும் முதலில் பார்த்தது நானில்லை, அக்காதான்.

நாங்கள் கடிதத்தோடு ஏறிப்போன அன்று அக்கா புது ரேடியோ ஒன்றை மடியில் வைத்தார். பிடியைச் சுற்றுவார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் திருகாணிச்சாவியை எடுத்தார்.

"என்னக்கா, பாடுதான்னு பாக்கலையா?"

"பாடும் தம்பி. தொறக்குதான்னு பாக்கணும்."

மூடியைக் கழற்றினார். பல்சக்கரப் பெட்டியின் நான்கு மூலையிலும், முன்னே பசை இருந்த இடத்தில், நான்கு சின்னத் திருகாணிகள். அக்கா அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சவர்க்காரத்தில் குத்தினார். பெட்டி கத்தியில்லாமல் திறந்தது.